பதினாறாவது தட்டு

எங்கள் தோட்டப் பள்ளியில் பிள்ளைகள் பதினைந்து பேர், ஆசிரியர்கள் ஏழு பேர். இதைச் சொன்னால் ரெம்பாவ் டவுன் பக்கத்தில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தோட்டத்து ஜனங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபோய்விட்டார்கள். பள்ளி மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கிறது. பிள்ளைகள் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் வந்து இறங்குகிறார்கள். நான் அந்தப் பள்ளியின் கெண்டின்காரி, பெயர் பஞ்சாலை. பாடம் சொல்லிக் கொடுக்க ஏழு பேர் இருந்தாலும் சமைத்துப் போட நான் ஒருத்திதான்.

அரசாங்கம் கொடுக்கும் காலைச் சாப்பாடு பதினைந்து பிள்ளைகளுக்கும் உண்டு. திங்கள் தேங்காய்ப்பாலில் வடித்த நாசி லெமாக், செவ்வாய் அரிசிச் சேமியா மீகூன், புதன் சோறும் கோழியும். மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் நீள மேசையில் தட்டுகளைப் பரப்பிவிடுவேன். முதலில் தட்டு, பிறகு சோறு, பிறகு சம்பல், கடைசியில் நெத்திலி. நான்கு வருஷமாக அந்த மேசையில் நான் பரப்பியது பதினாறு தட்டு. பதினாறாவது தட்டில் நெத்திலி இருக்காது. அதற்குப் பதிலாக இரண்டு துண்டு வெள்ளரிக்காய் கூட இருக்கும். நெத்திலியைக் கண்டாலே வேணுஜா மூக்கைச் சுருக்குவாள்.

வேணுஜா என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. லயத்தில் என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான், அதுவும் கூரைவரை போகாது. அந்தப் பக்கம் கடுகு வெடித்தால் இந்தப் பக்கம் எனக்குத் தும்மல் வரும். அவளுடைய அப்பா சுகுமாறனும் அம்மா வதனியும் இலங்கைச் சண்டைக்குத் தப்பிக் கடல் கடந்து வந்தவர்கள். கையில் ஐ.சி. அடையாள அட்டை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது, அகதிகளுக்கான யூ.என். அட்டை ஒன்றுதான். என்றைக்காவது ஒரு நாடு கூப்பிடும் என்று பன்னிரண்டு வருஷமாகக் காத்திருக்கிறார்கள். கூப்பிடுவதற்குள் பிள்ளை பிறந்து, நடந்து, பேசி, பல்லும் விழுந்து முளைத்துவிட்டது.

சுகுமாறன் குத்தகைக்காரரிடம் செம்பனைக் குலை அறுக்கிறான். சட்டப்படி அவன் வேலை செய்யக் கூடாது. சட்டப்படி அவன் என்னதான் செய்யலாம் என்று யாரும் சொன்னதில்லை. வதனி பின்னாலேயே போய் உதிரி பொறுக்குவாள். குலை விழும்போது சிதறும் பழங்களைப் புல்லுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கோணியில் போட வேண்டும். நான் இளவயதில் செய்த வேலை அது, இன்றைக்கும் மழை வந்தால் முழங்கால் சொல்லும்.

வேணுஜாவுக்கு ஆறு வயது நடந்தபோது வதனி அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளி வேலிக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. மூன்று நாள் அப்படியே நின்றாள். மூன்றாம் நாள் தலைமையாசிரியை ரோகினி டீச்சர் வெளியே போய்ப் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, அந்தப் பிள்ளைக்கு சூராட் பெரானாக் இல்ல, பொறப்புப் பத்திரமே இல்ல. நம்மால பதிய முடியாது. கவர்மெண்ட்டு ஸ்கூல்ல அட்டைய வெச்சிச் சேக்கக் கூடாதுன்னு ரூல்."

"அப்ப என்னா செய்யப் போறீங்க டீச்சர்?"

"என்னாத்த செய்றது. பின்னால நாக்காலி சும்மாதானே கெடக்குது. வந்து ஒக்காந்து கேக்கட்டும் லா. கேக்குறதுக்கு என்னா ரூல் இருக்குது?"

அப்படித்தான் அவள் உட்கார்ந்தாள். வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை, தேர்வுத்தாளில் எண் இல்லை. அலமாரியில் மிஞ்சிக் கிடந்த பாடநூல்களில் ஒரு செட்டைக் கொடுத்தார்கள். சீருடை மந்தினில் இருக்கும் என் தங்கை மகளுடையது. பிள்ளை இல்லை என்று மூடப் பார்க்கிற பள்ளி இது. தேடி வந்த பிள்ளையைச் சேர்க்கக் கூடாது என்கிறார்கள்.

அவள் வாங்கிய மார்க்கையும் சொல்லிவிடுகிறேன். மலாயில் அவள்தான் முதல், கணக்கிலும் அவள்தான் முதல். எழுதித் தர முடியாததால் டீச்சர் அதை அவள் காதில் மட்டும் சொல்வார். அவள் ஓடிவந்து என் காதில் சொல்வாள்.

இந்த வருஷம் ஜூலை மாதம் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பள்ளியை மூடுவதா, பிள்ளைகள் இருக்கும் தாமான் பக்கம் மாற்றுவதா என்று பார்க்கத்தான் வருகிறார். பள்ளி வாரியத்தார் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். நான் அடுப்புக்கு மேலே இருந்த புகைக்கறையை இரண்டு நாள் சுரண்டினேன். முதல் நாள் மாலை ரோகினி டீச்சர் லயத்துக்கே வந்து வதனியிடம் சொன்னார்.

"நாளைக்கி ஒரு நாளு பிள்ள வீட்ல இருக்கட்டும்மா. தப்பா நெனைக்காதீங்க."

"ஓம் டீச்சர், விளங்குது" என்றாள் வதனி.

வேணுஜாவுக்கு விளங்கவில்லை. "நாளைக்குக் கணக்கு டெஸ்ட் இருக்கே டீச்சர்?" என்றாள்.

"நாளை மறுநாள் ஒனக்குத் தனியா வெக்கிறேன்மா."

இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் நான். ஆனாலும் மறுநாள் காலையில் நாசி லெமாக் வடித்து இறக்கி, முட்டையை நறுக்கி, தட்டுகளைப் பரப்பி முடித்துக் கையைத் துடைத்தபோது மேசையில் பதினாறு தட்டு இருந்தது. கடைசித் தட்டில் நெத்திலி இல்லை, வெள்ளரிக்காய் இரண்டு துண்டு கூட. என் புத்திக்குத் தெரிந்தது என் கைக்குத் தெரியவில்லை.

நான் அதைப் பார்ப்பதற்குள் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பின்னாலேயே அதிகாரியும் டீச்சரும் வந்தார்கள். மலாய்க்காரர், நரைத்த மீசை, சாந்தமான முகம். சமையல் நன்றாக இருக்கிறது என்று மலாயில் பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிள்ளைகள் சாமி கும்பிட்டு, சாப்பிடத் தொடங்கினார்கள். ஒரு தட்டு மட்டும் தொடாமல் இருந்தது.

"இனி சியாப்பா பூஞா?" என்று அந்தத் தட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டே கேட்டார். இது யாருடையது என்று சாதாரணமாகத்தான் கேட்டார்.

என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். டீச்சருடையது, வேன்காரருடையது, உங்களுக்குத்தான் ஐயா என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஊரில் யார் வாய் கொடுத்தாலும் விடாதவள் நான். அன்றைக்கு அந்த வாய் எங்கே போனது என்று தெரியவில்லை. டீச்சர் முகம் வெளுத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒன்றாம் ஆண்டு குணாளன் வாய் நிறையச் சோற்றோடு பதில் சொன்னான். அவனுக்கு மலாய் பேசக் கிடைத்த சந்தோஷம். அது வேணுஜா அக்கா தட்டு, நீங்கள் வருகிறீர்கள் என்பதால் அக்கா இன்றைக்கு வரவில்லை என்று ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தான்.

அதிகாரி சத்தம் போடவில்லை. டீச்சரை அலுவலக அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரம் கழித்துக் காருக்குப் போகும்போது என் முகத்தைப் பார்க்காமல், நான் பார்த்ததை எழுதாமல் விட முடியாது அக்கா என்ற மாதிரி மலாயில் ஏதோ சொன்னார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. திட்ட வேண்டிய ஆள் பாத்திரம் கழுவும் இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சாயங்காலம் நல்ல மழை. ரோகினி டீச்சர் குடையோடு வந்து வதனி வீட்டுக்குள் போனார், என்னையும் கூப்பிட்டார். சுகுமாறன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கையில் குத்தியிருந்த செம்பனை முள்ளை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தான். வதனி எல்லோருக்கும் வெறுந்தேத்தண்ணீர் வைத்தாள்.

"ஒங்க கிட்ட காட்டாம இருக்கக் கூடாதுன்னு எடுத்தாந்தேன்" என்று டீச்சர் கடிதத்தை மேசையில் வைத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சுகுமாறன் கடிதத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு மலாய் எழுத்துக் கூட்ட வராது, வதனிக்கும் வராது. என் மலாய் மீன் சந்தையோடு சரி.

"என்ன எழுதியிருக்கு டீச்சர்?" என்றான்.

டீச்சர் வாயைத் திறப்பதற்குள் வேணுஜா வந்து அப்பா கையிலிருந்து கடிதத்தை வாங்கினாள். வீட்டில் எந்தக் கடிதம் வந்தாலும் அவள்தான் படிப்பாள். கிளினிக் கடிதம், யூ.என். கடிதம், தண்ணீர் பில், எல்லாம் அவள்தான். அது அவளுடைய வேலை.

"குடும்மா, டீச்சர் படிக்கிறேன்" என்று டீச்சர் கையை நீட்டினார்.

"நானே வாசிக்கிறன் டீச்சர், எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். வகுப்பில் வாசிப்பதுபோல முதலில் மலாயில் ஒரு வரி, பிறகு தமிழில்.

"மேலே சொன்ன விஷயம் பத்தி... உங்கட பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது... பதிவு செய்யாத, இந்த நாட்டுப் பிரஜை இல்லாத ஒரு பிள்ளை... அங்க படிக்கிறதாகத் தெரிய வந்தது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அந்தப் பிள்ளையை உடனே நிப்பாட்டணும். அந்தப் பிள்ளைக்குக் குடுத்த பாடப் புத்தகங்களைத் திருப்பி வாங்கணும். ஏன் இப்பிடி நடந்தது எண்டு தலைமையாசிரியர் பதினாலு நாளுக்குள்ள எழுத்தில விளக்கம் சொல்லணும்."

எங்கேயும் தடுக்கவில்லை. கடைசியில் இருந்த பதவிப் பெயரைக்கூட விடாமல் படித்தாள். தன்னை வெளியே போகச் சொல்லும் கடிதத்தை, அங்கே படித்த படிப்பை வைத்தே அவள் பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் கடிதத்தை இன்னொரு முறை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"என்ர பேர் போடேல்ல டீச்சர்" என்றாள். "அந்தப் பிள்ளை, அந்தப் பிள்ளை எண்டுதான் இருக்கு."

டீச்சர் அழுதுவிட்டார். "எனக்கு இன்னும் மூனு வருஷம்தான்மா இருக்கு பென்ஷனுக்கு" என்று யாரும் கேட்காததற்குப் பதில் சொன்னார். "ஸ்கூல மாத்திக் குடுக்குறதா இருக்காங்க. இந்த நேரத்துல இது பெருசானா பதினஞ்சு பிள்ளைங்களுக்கும் ஸ்கூல் இல்லாமப் போயிரும். நான் என்னா செய்யட்டும், சொல்லுங்க."

"உங்களில பிழை இல்ல டீச்சர்" என்றான் சுகுமாறன். "நாலு வருஷம் இருக்க விட்டியள். அதுவே பெரிசு."

"என்ன பெரிசு?" வதனியின் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை. "என்ன பெரிசு எண்டு கதைக்கிறியள்? ஆரோ வீட்டு விறாந்தையில ஒதுங்க விட்ட மாதிரி! பிள்ளை படிக்கிறதுக்குப் பிள்ளையா இருந்தாப் போதாதே? அதுக்கும் ஒரு நாடு வேணுமே?"

"சத்தம் போடாதை."

"போடுவன். பன்னிரண்டு வருஷம் சத்தம் போடாமத்தானே இருந்தனாங்கள். என்னத்தைக் கண்டம்?"

டீச்சர் மெதுவாகச் சொன்னார். "நீலாய்ப் பக்கம் யூ.என். அட்டைக்காரங்க பிள்ளைங்களுக்குன்னு ஒரு மையம் நடக்குதாம். ரெண்டு ரூமு. இங்கிலீஷ், கணக்கு சொல்லித் தர்றாங்களாம். நான் விசாரிச்சேன்."

"நீலாய்க்கு எப்பிடிப் போறது?" என்றான் சுகுமாறன். "பெரிய ரோட்டில பொலிஸ் ரோட் பிளாக் போட்டிருப்பாங்கள். போன மாசம் எங்களோட வேலை செய்த பெடியனை அட்டை இருந்தும் ஏத்திக்கொண்டு போய் ஒன்பது நாள் வைச்சிருந்தவங்கள். நான் அங்க குடிபோனா வேலை ஆர் தாறது? இங்கதான் எங்களை வேலை வாங்கிற வீரமுத்து மண்டோர் ஒண்டும் கேக்காம வைச்சிருக்கிறார்."

"நான் வேன்ல கொண்டுபோய் விட்றேன்" என்றேன். என்னிடம் வேன் கிடையாது. ஒரு பழைய மோட்டார் சைக்கிள்தான், அதுவும் ரெம்பாவ் பசாருக்குப் போய்த் திரும்புவதற்குள் இரண்டு முறை நின்றுவிடும். யாரும் சிரிக்கவில்லை.

டீச்சர் போனபிறகு நான் எழுந்திருக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. இரண்டு வாரமாகப் பலகைச் சுவரின் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"வதனி, அன்னிக்கி அந்தத் தட்ட வெச்சது நான்தான். குணாளன் சின்னப் பையன், அவன் மேல ஒன்னுமில்ல. நான் பதினஞ்சு வெச்சிருந்தா அந்த ஆளு கேட்டிருக்கவே மாட்டாரு. டீச்சர் சொன்னப்ப நானும் வாசல்லதான் நின்னேன். தெரிஞ்சும் வெச்சிட்டேன்டி."

வதனி கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "தெரியும் அக்கா" என்றாள். "அண்டைக்கே குணாளன்ர அம்மா போனில சொன்னவா."

"அப்ப ஏன்டி என்னைய ஒன்னும் கேக்கல? நாலு வார்த்த திட்டியிருக்கலாமில்ல?"

"என்னெண்டு திட்ட?" கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாலு வருஷத்தில அந்தப் பள்ளிக்கூடத்தில என்ர பிள்ளைக்கெண்டு ஒரு இடம் வைச்சது நீங்கள் ஒரு ஆள்தான். அவள் இல்லாத அண்டைக்கும் வைச்சிருக்கிறியள்."

அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

மறுநாள் வேணுஜா பாடநூல்களை நாளிதழ்த் தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். ஏழு புத்தகம். அட்டை மூலைகூட மடங்கவில்லை. கணக்குப் புத்தகத்தைக் கடைசியாக வைத்தாள். அலுவலக அறையில் கொடுத்தபோது ரோகினி டீச்சர் அவற்றை எண்ணாமலே அலமாரியில் வைத்துப் பூட்டினார். "ஒரு புத்தகத்தையாச்சும் விட்டு வைங்களேன் டீச்சர்" என்றேன். "எல்லாத்துலயும் ஸ்கூல் சாப் முத்திர குத்தியிருக்குக்கா" என்று சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவரை நான் குறை சொல்லவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து வேணுஜா அம்மாவோடு உதிரி பொறுக்கப் போனாள். பிள்ளையை லயத்தில் தனியாக விட்டு வரப் பயம். பள்ளி வேலியை ஒட்டிய செம்பனைக் காட்டில்தான் அந்த வாரம் அறுப்பு. மரங்களுக்கு நடுவே அவளுடைய மஞ்சள் சட்டை தெரியும், மறையும். மழை விட்ட புல் இடுப்பு உயரம் நின்றது. குனிந்து பொறுக்குவாள், நிமிர்ந்து பள்ளிப் பக்கம் பார்ப்பாள், மறுபடி குனிவாள். பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் வேலியோரம் ஓடிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு நாள் கையசைத்தாள். அடுத்த நாளிலிருந்து வேலியிலிருந்து தள்ளி இருந்த வரிசைக்குப் போய்விட்டாள்.

"சின்னக் கையி, நல்லா வெரசா பொறுக்குது" என்று வீரமுத்து மண்டோர் தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னார். நல்ல மனுஷன், பாராட்டாகத்தான் சொன்னார். நான் கையிலிருந்த கரண்டியைச் சட்டிக்குள் போட்டேன். மீகூன் அவர் சட்டையிலெல்லாம் தெறித்தது.

இப்போது மேசையில் பதினைந்து தட்டு வைக்கிறேன். ஒவ்வொரு நாளும் வாய்விட்டு எண்ணித்தான் வைக்கிறேன், கையை நம்புவதில்லை. கெண்டின்காரிக்கென்று ஒரு பங்கு உண்டு. அதை நெத்திலி போடாமல் ஒரு தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடி, சேலைத் தலைப்பில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறேன். மதியம் இரண்டு மணிக்கு வேணுஜா குழாயடியில் கை கழுவிவிட்டு என் வீட்டு வாசல்படிக்கு வந்து உட்காருவாள். விரல் நுனியெல்லாம் பழச்சாயம், எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை.

முதல் நாள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

"இன்னிக்கி கணக்குல என்னா சொல்லிக் குடுத்தாங்க ஆன்ட்டி?"

அந்தப் பிள்ளைகளில் யாருக்கு உறைப்பு ஆகாது, யார் முட்டை மஞ்சளை ஒதுக்குவார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பத்தடி தள்ளி இருக்கும் வகுப்பில் என்ன நடக்கிறது என்று இந்தக் கெண்டினில் இருக்கும் பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"நாளைக்கி கேட்டுக்கிட்டு வர்றேன்மா" என்றேன்.

மறுநாள் மீகூனைப் பிரட்டி வைத்துவிட்டு, பாத்திரம் துடைக்கும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நாலாம் ஆண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். கணக்கு டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு கொஞ்சம் சத்தமாகப் பேசினார், அது எனக்காகத்தானா என்று தெரியாது. நான் அவர் சொன்னதையே சொல்லிச் சொல்லி மனசில் ஏற்றிக்கொண்டேன். மதியம் படியில் உட்கார்ந்து ஒப்பித்தேன்.

"ஒரு கேக்க எட்டுத் துண்டா வெட்டி, அதுல மூனு துண்டு எடுத்தா, அது எட்டுல மூனு பங்கு."

"அது போன வருஷமே தெரியும் ஆன்ட்டி. அதுக்கு அப்புறம்?"

"அப்புறம் கீழ வேற வேற நம்பர் இருந்தா கூட்ட முடியாதாம். ரெண்டையும் ஒன்னாக்கணுமாம்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சாயம் படிந்த விரலால் படியில் சிந்தியிருந்த தண்ணீரைத் தொட்டு, சிமெண்டில் இரண்டு கோடு போட்டு, மேலேயும் கீழேயும் எண்கள் எழுதினாள்.

"எப்படி ஒன்னாக்குறது?"

"அதத்தான்மா பலகையில எழுதிக் காட்டுனாங்க."

"என்னா எழுதுனாங்க?"

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அவள் இருந்தது நாலாம் ஆண்டு. காலையில் ஜன்னலுக்கு வெளியே நின்று அந்தப் பலகையைக் கண் கொட்டாமல் பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. சிமெண்டில் அவள் எழுதிய தண்ணீர் எண்கள் வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.